ஓடக் கூடாதாம்

குத்துக்கல்வலசை,
18 ஜூன் 2024

அண்ணனுக்கு,

உன் நம்பரை நான் தடுத்து வைத்திருப்பது உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். கோபத்தில் செய்ததுதான். ஆனால் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். போனில் நீ கத்துகிறாய். பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. அதைக் கேட்டதும், "பாத்தியா, பாத்தியா, இதுக்குத்தான் சொல்லுதேன்" என்று இன்னும் சத்தமாகக் கத்துகிறாய். என் மூச்சே உன் பக்கம் சாட்சி சொல்லிவிடுகிறது. காகிதத்தில் எனக்கு மூச்சு வாங்காது. அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போனில் நீ பாதிக்கு மேல் கேட்டதே இல்லை.

ஏப்ரலில் எங்கள் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளை மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பது நான். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போகிறார்கள். சில பிள்ளைகள் நின்று, "டீச்சர், பையக் குடுங்க" என்று வாங்கிக்கொள்கிறார்கள். இருபத்தேழு வயதில் எனக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். ஹெட்மாஸ்டர் சிவசைலம் சார் கூப்பிட்டு, "டீச்சர், ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். யூகேஜி எடுங்க. கீழயே இருந்துக்கிடலாம்" என்றார். ஒரு வருடம் பொறுங்கள் சார் என்று கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

அதனால்தான் திருவனந்தபுரம் போனேன். ஐந்து வயதில் எனக்கு நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்த அதே ஆஸ்பத்திரி. அப்பா இறந்த பிறகு அங்கே யாரும் என்னைக் கூட்டிப் போகவில்லை. முகத்தில் மூடி மாட்டி சைக்கிள் மிதிக்க விட்டார்கள். ஏழு நிமிடம். அதற்கு மேல் கால் வரவில்லை. கவனி, மூச்சுக்கு முன்னால் கால்தான் நின்றது. என் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் பாதிதான் என் திறன். ஐம்பத்திரண்டு சதவீதம்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நுரையீரலுக்குப் போகும் வால்வு கசிகிறது. அந்தப் பழைய ஆபரேஷனுக்குப் பிறகு அது எதிர்பார்த்ததுதான். வலப்பக்க அறை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, கவனிக்க வேண்டும். ஆனால் இவ்வளவு களைப்புக்கு அந்தக் கசிவு மட்டும் காரணம் இல்லை. என் கால்களில் தசையே இல்லை. அறுபது வயதுக்காரரின் தொடை. "இதயம் ரத்தம் அனுப்பும். அதை வாங்கி வேலை செய்யத் தசை வேண்டும். உனக்கு வாங்க ஆள் இல்லை" என்றார் அந்த டாக்டர் அம்மா. ஏழு மாதம் பயிற்சி செய்து வா, மறுபடி பார்ப்போம், வால்வை மாற்றலாமா வேண்டாமா என்பதையும் அப்போது முடிவு செய்வோம் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடுதான் குற்றாலம் ரோட்டில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் ஹைருன் பீவியிடம் போனேன். நீ என்ன செய்தாய்? அவர் நம்பரை அம்மாவிடம் வாங்கி, "எங்க பிள்ளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா ஒங்களச் சும்மா விட மாட்டேன்" என்று மிரட்டினாய். அவர் என்னிடம் கோபப்படவில்லை. "ஒங்க அண்ணாச்சி ரொம்பப் பயந்துபோயிருக்காரும்மா" என்றார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நான் போகத்தான் போகிறேன். இனி அவருக்குப் போன் செய்யாதே.

செல்வி

*

அருணாச்சல்,
7 ஜூலை 2024

செல்விக்கு,

கடிதம் ரேஷன் வண்டியில் மலைமேல் இருக்கும் எங்கள் முகாமுக்கு வந்தது. பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது. மூன்று தடவை வாசித்தேன். என் முடிவு மாறவில்லை.

உனக்குச் செண்பகாதேவி கோயிலுக்கு ஏறும் மலைப்பாதை ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினான்கு. சித்ரா பௌர்ணமி. அம்மாவும் அப்பாவும் பின்னால் வந்தார்கள். கோயிலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். நீ, "யண்ணே, யாரு மொதல்ல?" என்றாய். "வாட்டி பாப்போம்" என்று சொன்னது நான். ஓடினேன். திரும்பிப் பார்த்தால் நீ இல்லை. பாறையில் குப்புறக் கிடந்தாய். புரட்டினேன். உதட்டில் ரத்தமே இல்லை. கண் சொருகி வெள்ளை தெரிந்தது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நான் இறங்கிய பாதை என் காலுக்கு இன்றும் தெரியும். கீழே அருவிக்கரைக்கு வந்து நீ கண் விழித்த பிறகு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அப்பா பெல்ட்டைக் கழற்றினார்.

அதை நான் தப்பு என்று சொல்லவில்லை.

நீ பெரிய டாக்டர், மெஷின், சதவீதம் என்று எழுதுகிறாய். போன குளிரில் எங்கள் யூனிட்டில் ஒரு ஹவில்தார். என்னைவிட நல்ல உடம்பு. காலை ஓட்டத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். எழவில்லை. பிறவியிலேயே ஒரு குறையும் இல்லாத இதயம் அது. அதற்கே அப்படி என்றால் உன்னை எப்படி விடுவேன்?

யூகேஜி எடுப்பதில் என்ன கேவலம்? சின்னப் பிள்ளைகளுக்கும் ஒருத்தர் சொல்லித்தர வேண்டும்தானே. மூன்று மாடி ஏறித்தான் நீ யாரென்று காட்ட வேண்டுமா?

அம்மாவிடம் பேசிவிட்டேன். ஸ்கூட்டி சாவி இனி அம்மாவிடம் இருக்கும். பள்ளிக்குப் போக வரக் கொடுப்பாள். வேறு எங்கேயும் வேண்டாம். என்னைத் திட்டு, பரவாயில்லை. நீ உயிரோடு இருந்து திட்டு.

மணிமுத்து

*

குத்துக்கல்வலசை,
2 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

சாவியை அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். நான் ஷேர் ஆட்டோவில் போகிறேன். குற்றாலம் சீசன் நேரம், சாரல் வேறு. கார்கள் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நகராமல் நிற்கின்றன. பத்து நிமிடப் பாதைக்கு முக்கால் மணி நேரம். ஆட்டோவில் என் மடியில் யார் யார் பிள்ளைகளோ உட்கார்ந்து வருகின்றன. இதெல்லாம் உன் ஏற்பாடு. நன்றி.

செண்பகாதேவிக் கதையில் ஒன்றை விட்டுவிட்டாய். அன்று அம்மாவோடு சேர்ந்து நானும் விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. சித்திரை வெயிலில் வெறும் வயிற்றோடு மலையில் ஓடினால் எந்தப் பிள்ளையும் விழும். இதை டாக்டரிடம் சொன்னேன். நெஞ்சில் கருவி ஒட்டி ஒரு நாள் முழுக்கப் பதிவு எடுத்தும் பார்த்தார்கள். "அதுக்கு அப்புறம் ஒரு முறையாவது மயங்கி விழுந்தாயா?" என்று கேட்டார். எப்படி விழுவேன்? ஓடினால்தானே விழ!

இனி பயிற்சியைச் சொல்கிறேன். நீ நினைப்பதுபோல் நான் அங்கே இரும்பு தூக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும், உட்கார வேண்டும். முப்பது நொடியில் என் வயதுக்கு இருபத்தைந்து தடவையாவது வர வேண்டுமாம். எனக்கு ஒன்பது வந்தது. ஒன்பதாவதில் தொடை நடுங்கி, நாற்காலியில் பொத்தென்று விழுந்தேன். மூட்டுவலிக்கு வரும் ஆறுமுகநயினார் என்ற ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் எனக்குப் பக்கத்தில் பன்னிரண்டு எழுந்தார். "என்ன பிள்ள, காலைல சாப்பிடலியா?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகு குதிகாலைத் தூக்கி நிற்பது. ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுப்பது. மூச்சை அடக்கக் கூடாது என்பதற்காகச் சத்தமாக எண்ணச் சொல்வார் ஹைருன் பீவி. விரலில் நாடித்துடிப்புக் கருவி. குறித்துக் கொடுத்த அளவைத் தாண்டினால் அவரே நிறுத்திவிடுவார். தினமும் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் பயறு. இப்படி ஆறு வாரம். நேற்று தசையை அளக்கும் மெஷினில் ஏற்றினார். எவ்வளவு கூடியிருக்கிறது தெரியுமா? இருநூறு கிராம்.

இருநூறு கிராம் அண்ணே! கடையில் ரவை வாங்கினால்கூட அரைக் கிலோவுக்குக் குறைந்து யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து துப்பட்டாவை எறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து, "இதுக்குத்தானா இந்தப் பாடு? விட்டுரேன் ஏளா" என்றாள். வீட்டில் எழுந்து உட்காரப் பழகுகிறேன் என்று, கை இல்லாத நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மச்சில் போட்டுப் பூட்டிவிட்டாள். குடம் தூக்க விடமாட்டாள். மாவாட்ட விடமாட்டாள். மச்சுப் படி ஏறினால் கீழே நின்று, "மெதுவா, மெதுவா" என்கிறாள். என்னால் முடியாத வேலை என்று இந்த வீட்டில் ஒன்றுமே இருக்காது, ஒரு நாளாவது செய்ய விட்டிருந்தால்.

நீ உயிரோடு இருக்கச் சொல்கிறாய். நான் கேட்பது அதைவிடப் பெரியதில்லை. மூன்று மாடி.

செல்வி

*

குத்துக்கல்வலசை,
23 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

ஹைருன் பீவி பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டார். அப்பாவின் பத்திரங்களுக்கு அடியில், பீரோவில் அந்த நீல ஃபைல் இருந்தது. அதில் 14 மே 2011 தேதியிட்ட ஒரு தாள். எனக்குப் பதினான்கு வயது. நீ பிளஸ் டூ முடித்திருந்த நேரம். நீயும் அப்பாவும் டாக்டரிடம் உள்ளே போனீர்கள். நான் எக்கோ எடுக்கும் அறையில் இருந்தேன்.

ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்: "நடக்க, ஓட, சைக்கிள் ஓட்ட, மற்றப் பிள்ளைகளோடு விளையாடத் தடை இல்லை. ஊக்குவிக்கவும். கடுமையான போட்டி விளையாட்டு மட்டும் வேண்டாம். குடும்பத்தினருக்கு விளக்கப்பட்டது."

குடும்பத்தினருக்கு விளக்கப்பட்டது.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த டாக்டரின் மலையாளமும் பிடிபடாது. வெளியே வந்து என்னிடம் சொன்னது நீ. "ஓடவே கூடாதாம்ட்டி." அந்த வார்த்தை எனக்கு மறக்காது. ஜூனில் பள்ளி திறந்த அன்றே பி.டி. சாரிடம் எழுதிக் கொடுத்ததும் நீதான்.

எனக்கும் ஆங்கிலம் தெரியும். இத்தனை வருடத்தில் என்றாவது அந்த ஃபைலை எடுத்து வாசித்திருக்கலாம். தோன்றவே இல்லை. நீ சொன்னால் அது அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

இந்தத் தாளை அன்றைக்கு நீ வாசித்தாயா? ஆம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை போதும்.

செல்வி

*

அருணாச்சல்,
29 செப்டம்பர் 2024

செல்விக்கு,

ஆம்.

அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு மூன்று வாரம் மடித்து வைத்திருந்தேன். அனுப்ப முடியவில்லை. மீதியையும் சொல்லாமல் அனுப்பினால் அதுவும் ஒரு பொய்தான்.

வாசித்தேன். டாக்டர் வாயாலும் சொன்னார். "அவளை ஓட விடு, வீட்டில் பூட்டி வைக்காதே" என்று என் தோளைத் தட்டிச் சொன்னார். அப்பா, "என்னலே சொல்லுதாரு?" என்று கேட்டார். வாயில் முதலில் வந்தது அதுதான். "ஓடவே கூடாதாம்ப்பா." யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்தவும் இல்லை. செங்கோட்டை வரும்வரை பஸ்ஸில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போது சொல்லிவிடலாம், அடுத்த ஊரில் சொல்லிவிடலாம் என்று. நீ தூங்கிக்கொண்டு வந்தாய். சொல்லவில்லை.

அப்பா அடித்தது எனக்கு வலிக்கவே இல்லை செல்வி. அன்றைக்குப் பாறையில் உன்னைப் புரட்டிய நேரம், நீ செத்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். என்னால் செத்துவிட்டாய் என்று. அந்த டாக்டருக்கு அது தெரியுமா? அவர் எழுதிவிட்டுப் போய்விடுவார். நீ மறுபடி விழுந்தால் தூக்க வேண்டியது நான். அதோடு, நான் பட்டாளத்துக்குப் போவது என்று தீர்மானித்திருந்தேன். நான் இல்லாத வீட்டில் உன்னை ஓட விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் முழுக்க நான் செலக்ஷனுக்கு ஓடிப் பழகினேன். நீ ஓடைப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து என் வாட்சைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்ப்பாய். "யண்ணே, ஆறு செகண்டு கொறஞ்சிருக்கு" என்று கத்துவாய். என்னைவிட உனக்குத்தான் சந்தோஷம். ஒரு நாள், "நானும் அந்தப் புளியமரம் வரைக்கும் ஓடட்டா?" என்று கேட்டாய். தாளில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்திருந்தும், "உக்காருட்டி" என்றேன். உட்கார்ந்தாய்.

பட்டாளத்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. எத்தனையோ பேருக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த "உக்காருட்டி" போகவில்லை.

மன்னித்துவிடு என்று எழுத வந்தேன். எழுதிப் பார்த்தால் அது ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது.

மணிமுத்து

*

குத்துக்கல்வலசை,
20 அக்டோபர் 2024

அண்ணே,

உன் கடிதம் வந்த அன்று நான் படுத்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மன்னிக்கச் சொல்லி நீ கேட்கவில்லை, நல்லதாயிற்று. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் எழுதியிருப்பேன். பதின்மூன்று வருடம். பி.டி. பீரியட் முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் கம்மல், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் மடியில் வைத்துக் காவல் காத்தேன். கல்லூரியில் கொடைக்கானல் டூருக்கு எல்லாரும் போனார்கள், நான் லைப்ரரியில் இருந்தேன். பதினான்கிலிருந்து இருபதுக்குள்தான் தசை நன்றாக வைக்கும் என்கிறார் ஹைருன் பீவி. அந்த வயதை நீ எடுத்துக்கொண்டாய். இப்போது அதை இருநூறு இருநூறு கிராமாக நான் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நீ பயந்தாய் என்பது புரிகிறது. உன் பயத்தை நீ சுமந்திருக்க வேண்டும். என் காலில் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்சிருந்தாலும் ஒன்ன விட்டிருக்க மாட்டேன்."

"டாக்டரே சொன்னாலுமா?"

"டாக்டரா பெத்தாரு?"

நீ பொய் சொல்லாமல் இருந்திருந்தாலும் எனக்கு இதேதான் நடந்திருக்கும் என்று தோன்றியது. அது உன் மேல் உள்ள கோபத்தைக் குறைக்கவில்லை. கோபத்தை முழுதாக யார்மேல் போடுவது என்றுதான் தெரியாமல் போனது.

இனி நான் படுத்திருந்த காரணம். ஆகஸ்டுக்குப் பிறகு நன்றாகத்தான் போனது. நாற்காலியில் பதினாறு வரைக்கும் வந்திருந்தேன். செப்டம்பர் கடைசியில் ஹைருன் பீவி என்னை ஐந்தருவி ரோட்டு ஏற்றத்தில் நடக்கக் கூட்டிப்போனார். பாதி ஏற்றத்தில் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. ஒரு துடிப்பு விட்டு, இரண்டு சேர்ந்து அடித்தது. கல்லில் உட்கார்ந்தேன். உன் ஹவில்தாரும் இப்படித்தான் உட்கார்ந்தார் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. அப்போதும், நான் இங்கே செத்தால் அண்ணன் சொன்னது சரியாகிவிடுமே என்றுதான் ஆத்திரம் வந்தது.

ஈசிஜி எடுத்து, மறுபடி ஒரு நாள் பதிவு எடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினோம். கூடுதல் துடிப்புகள்தான், ஆபத்தில்லை, இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டுத் தொடரலாம் என்று பதில் வந்தது. இரண்டு வாரம். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் பன்னிரண்டு. மெஷினில் நானூறு கிராம் போய்விட்டது. சேர்க்க மூன்று மாதம், கரையப் பதினான்கு நாள். இந்த உடம்போடு யாரால் நியாயம் பேச முடியும்?

நாளை மறுபடி போகிறேன்.

செல்வி

*

அருணாச்சல்,
17 நவம்பர் 2024

செல்விக்கு,

கீழ் முகாமுக்கு இறங்கி அம்மாவிடம் பேசினேன். அந்தத் தாளில் இருந்ததை வரி வரியாக நானே சொன்னேன். சாவியைக் கொடுத்துவிடச் சொன்னேன். "நீயுமாலே?" என்று கேட்டு அழுதாள். கொடுத்துவிடுவாள் என்று நினைக்கிறேன். கொடுக்காவிட்டால் எழுது.

ஹைருன் பீவிக்கும் போன் செய்தேன். நீ செய்யாதே என்று சொல்லியிருந்தாய், ஆனால் இது மிரட்ட அல்ல. மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க, எனக்குப் பேஷண்ட் நிக்காங்க" என்று வைத்துவிட்டார். நியாயம்தான்.

நானூறு கிராம் போனதற்கு மனம் விடாதே. காலொடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பும் ஜவான்களைத் தேற்றும் வேலையை நான் இரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். எல்லாரும் இப்படித்தான் ஏறி, இறங்கி ஏறுகிறார்கள். இரண்டாவது முறை சேருவது முதல் முறையைவிடச் சீக்கிரம் சேரும். ஒருமுறை வேலை செய்த தசைக்கு வழி தெரியும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொந்தத் தங்கைக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

நீ கல்லில் உட்கார்ந்ததை வாசித்து, உன்னை நிறுத்தச் சொல்லி ஒரு தாள் எழுதினேன். கிழித்துவிட்டேன். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஜனவரியில் உனக்கு மறுபரிசோதனை. எனக்கு லீவு கிடைக்கும். வரவா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

மணிமுத்து

*

குத்துக்கல்வலசை,
30 ஜனவரி 2025

அண்ணே,

நீ வர வேண்டாம் என்று நான் போட்ட கார்டு கிடைத்திருக்கும். காரணம் எழுதவில்லை. அப்போது எனக்கே தெரியவில்லை.

சாவியை அம்மா கொடுத்துவிட்டாள். கையில் தரவில்லை. என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நாற்காலி இன்னும் மச்சில்தான். நான் அங்கேயே ஏறிப் போய்ச் செய்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனேன். அதே சைக்கிள், அதே மூடி. பத்து நிமிடம் மிதித்தேன். அறுபத்து நான்கு சதவீதம். கால் தசை ஒரு கிலோ முந்நூறு கூடியிருக்கிறது. நீ சொன்னது சரி, இரண்டாவது முறை சீக்கிரம் சேர்ந்தது. டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து என் தொடையைத் தட்டிப் பார்த்தார், மாடு வாங்க வந்தவர் மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கு அப்புறம் எம்.ஆர்.ஐ. படத்தைப் போட்டார்.

வலப்பக்க அறை இன்னும் பெரிதாகியிருக்கிறது. இனியும் காத்திருந்தால் திரும்பச் சுருங்காது. வால்வை மாற்ற வேண்டும். நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதை எனக்கு அகலம் என்பதால் தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வைப் பொருத்த முடியாது. பழைய தழும்பின் மேலேயே மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். மே மாதம்.

நீ நினைக்கப்போவதை நானே முந்திக்கொண்டு கேட்டேன். "நான் செய்த பயிற்சியால் பெரிதானதா?" இல்லை என்றார். நான் நாற்காலியை விட்டு எழாமலே இருந்திருந்தாலும் கசியும் வால்வு அறையைப் பெரிதாக்கியே இருக்கும். இரண்டு, மூன்று வருடம் முன்பே வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான். பயிற்சியால் கிடைத்தது என்னவென்றால், இதே ஆபரேஷனுக்குப் போன ஜூனில் படுத்திருந்தால் எழுந்து நடக்கவே மாதக்கணக்கில் ஆகியிருக்கும். இப்போது போகும் உடம்பு வேறு. "காலில் சேர்த்து வைத்திருக்கிறாய். அது உன்னை எழுப்பும்" என்றார்.

இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட வேண்டும். வரவில்லை. ஏழு மாதம், எத்தனை முட்டை, எத்தனை ஆட்டோ! கடைசியில் நெஞ்சைத் திறக்கத்தான் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? படுத்துக்கிடந்தால் இத்தனையும் மறுபடி கரையும். மறுபடி முதலிலிருந்து. ரயிலில் வரும்போது அம்மாவிடம், "போதும்மா, எனக்கு அலுத்துப்போச்சு" என்றேன். அம்மா சொன்னதைக் கேட்டால் நீ நம்ப மாட்டாய். "அலுத்தா அலுக்கட்டும். ஆபரேசன் முடிஞ்சி வந்தா நாற்காலிய நானே கீழ எறக்கிப் போடுதேன்" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளியிலும் சொல்ல வேண்டியிருந்தது. நேற்று சிவசைலம் சாரோடு மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டே பேசினேன். மே மாதம் ஆபரேஷன், ஜூன், ஜூலை வர முடியாது, ஆகஸ்டில் பத்தாம் வகுப்புக்கே திரும்ப வருவேன் என்றேன். இரண்டாவது மாடியில் சார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நிற்கவில்லை. மேலே போய்க் காத்திருந்தேன். வந்து சேர்ந்ததும், "யோசிச்சிச் சொல்லுதேன் டீச்சர்" என்றார். இன்னும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் ஆகஸ்டில் போய் நிற்பேன்.

இப்போது உன் விஷயம். உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஆபரேஷன் அன்று நீ எங்கோ பனியில் நின்றுகொண்டு ரேஷன் வண்டிக்குக் காத்திருப்பாய் என்று நினைத்தால் அதுவும் தாங்கவில்லை. லீவு எழுதிக் கொடு. மே முதல் வாரம் வா. அம்மாவைச் சாப்பிட வை. ரத்தம் கொடுக்க ஆள் பார். மருந்து வாங்க ஓடு.

டாக்டரிடம் உள்ளே நான் மட்டும் போவேன். நீ வெளியே இருக்க வேண்டும். என்ன சொன்னார்கள் என்று நான் வந்து சொல்வேன். நல்லதும் சொல்வேன், கெட்டதும் சொல்வேன். கதவைத் தட்டி, "நெசமா டாக்டர்?" என்று நீ கேட்கக் கூடாது. பதின்மூன்று வருடம் உன் வார்த்தையை நம்பி நான் உட்கார்ந்திருந்தேன். இனி என் வார்த்தையை நம்பி நீ நிற்கப் பழகு.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கினால் கூப்பிடு. எனக்கு மூச்சு வாங்கினால் பேசாமல் இரு. வாங்கி முடித்துவிட்டு நான் பேசுவேன்.

செல்வி